பத்தாவது விக்கெட்

ஒன்பதாவது ஆளும் அவுட்டாகி வெளியே நடந்தபோது, அவள் கையில் பாதி கடித்த கொய்யாப்பழம் அப்படியே இருந்தது.

ஒன்பதும் எட்வினுக்கு.

ஒரே இன்னிங்ஸில், ஒரே மனுஷனுக்கு, ஒன்பது.

பதினெட்டு வருஷமாக அவர் பந்து போடுவதைப் பார்க்கிறாள். முன்பெல்லாம் மைதானத்தை ஒட்டிய வீட்டு மொட்டைமாடியிலிருந்து. துணி காயப்போடப் போனால் அது காய்கிறவரை இறங்க மாட்டாள். இப்போது உள்ளேயே வந்து, சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து. ஆனால் இன்றைக்கு மாதிரி அவள் பார்த்ததே இல்லை.

வேகமெல்லாம் கிடையாது. நாலு எட்டு நடை. கடைக்குப் பால் வாங்கப் போகிறவர் மாதிரிதான் வருவார். பந்து மேலே எழும்பி, போகலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்புறம் விழுந்து திரும்பும். அதற்குள் மட்டைக்காரன் முன்னால் காலை நீட்டியிருப்பான். அவ்வளவுதான், ஆள் காலி.

எட்டுப் பேர் அப்படித்தான் போனார்கள். ஒருத்தன் மட்டும் புத்திசாலியாகப் பின்னால் போனான். அவனுக்குப் பந்து திரும்பாமல் நேரே வந்து ஸ்டம்பைத் தட்டியது.

அடேயப்பா, என்ன கைடா அது!

நாற்பத்தொரு வயது. மாநில அணிக்கு ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. இந்த சீசனோடு சரி என்று சொல்லிவிட்டார். பத்தும் எடுத்தால் பேப்பரில் நாலு வரியாவது வரும். வரட்டுமே. அந்த மனுஷனுக்கு இதுகூடக் கிடைக்கக் கூடாதா?

ஆனால் ஓவர் முடிந்துவிட்டது. கடைசியாக வந்தவன் எட்வினின் கடைசிப் பந்தில் எப்படியோ ஒரு ரன் ஓடி இந்தப் பக்கம் வந்து நின்றான்.

அடுத்த ஓவருக்குப் பந்தைக் கையில் வாங்கியவன் முகிலன்.

அவள் மகன்.

ஏழு மாட்ச் ஆடிவிட்டான். ஒரு விக்கெட்கூட இல்லை. இன்றும் இல்லையென்றால் அடுத்த மாட்சுக்கு வெளியே உட்கார வேண்டியதுதான் என்று கேப்டன் நேற்றே சொல்லிவிட்டான். எதிரே நிற்பவனுக்கோ மட்டை பிடிக்கவே தெரியவில்லை. நேராக ஒரு பந்து போதும்.

நேராகத்தான் போடேன்டா என்று ஒரு நொடி அவளுக்கும் தோன்றியது. பெற்ற வயிறு.

முகிலன் நேராகப் போடவில்லை.

ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே, மட்டைக்கு எட்டாத தூரத்தில் போட்டான்.

யாரும் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஒருவர் ஒன்பது எடுத்து நிற்கும்போது மறுமுனையில் போடுகிறவன் பத்தாவதைத் தொடக் கூடாது. அது ஆட்டக்காரர்களுக்குள் ஒரு மரியாதை. எதிரணிக்கு இன்னும் நூற்றெழுபது ரன் வேண்டும், ஜெயிப்பதில் ஒரு சந்தேகமும் இல்லை. பிறகென்ன?

என் பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

"என்னம்மா இவன், இவ்ளோ தள்ளிப் போடறான்? கண்ணு தெரியலையா?"

பக்கத்தில் அவள் கணவர். அவருக்குக் கிரிக்கெட் என்றால் மகன் ஆடுவது. அதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

"கொஞ்சம் சும்மா இருங்க."

இரண்டாவதும் வெளியே. மூன்றாவதும் வெளியே. அம்பயர் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு முறை கையை விரித்து வைடு காட்டினார்.

மட்டைக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. மறுபடி எட்வின் வருவதற்குள் ஒன்றாவது அடித்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ. ஓவரின் கடைசிப் பந்துக்குக் குறுக்கே பாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினான்.

பட்டுத் தொலைத்தது.

பந்து மேலே போனது. மேலே, இன்னும் மேலே.

அது இறங்கும் இடத்தில் நின்றது எட்வின்.

"விட்ருங்கண்ணா!" என்று கேப்டன் கத்தினான்.

"அண்ணா, வேணாம்ணா!" இது முகிலன். பிட்சின் நடுவில் நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

விட்டால் போதும். அடுத்த ஓவர் அவருடையது. இருக்கிற இரண்டு பேரில் ஒருவன் எப்படியும் விழுவான்.

விட்டுடு சாமி, விட்டுடு. அவள் கையைக் கூப்பிவிட்டாள்.

எட்வின் இரண்டடி பின்னால் போனார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே குவித்தார்.

பிடித்துவிட்டார்.

மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. அவள் கணவர் மட்டும் எழுந்து நின்று கைதட்டினார்.

"நம்ம முகிலுக்கு விக்கெட்டு! முகிலுக்கு!"

அவளுக்கு, பாவி மனுஷா, ஏன் பிடித்தாய் என்று அழுகையாக வந்தது.

கொஞ்ச நேரம் கழித்து முகிலன் பெஞ்சுக்கு வந்தான். கையில் அந்தப் பந்து. கண் சிவந்திருந்தது.

"ஏண்ணா புடிச்சீங்கன்னு கேட்டேம்மா. எட்டு மாட்சா ஓடி ஓடிப் போடறே, உனக்கு ஒண்ணு விழ வேணாமாடான்னு சிரிக்கிறாரு."

அவள் அந்தப் பந்தை வாங்கிப் பார்த்தாள்.

"அவர் விட்ரணும்னுதான் நான் வேண்டிக்கிட்டேன். நீ என்னம்மா வேண்டிக்கிட்ட?"

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

"இதெல்லாம் ஒரு கேள்வியாடா? பெத்தவ. கையெடுத்துக் கும்பிட்டா, நானே பாத்தேன். புடிக்கணும்னுதான் வேண்டியிருப்பா."

முகிலன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

அவள் ஆமாம் என்று தலையாட்டினாள்.