மண்ணுக்கடியில் ஒரு துடிப்பு

மண்சரிவில் புதைந்தவர்களைத் தேடும் வைரக்கருவி ஜெசிந்தாவின் பொறுப்பில் இருந்தது. மண்ணுக்கடியில் இதயம் துடித்தால், அதன் மெல்லிய காந்தப்புலத்தால் வைரத்துக்குள் எலக்ட்ரான்களின் சுழற்சி மாறி, சிவப்பொளி மினுங்கும். இருபதடி ஆழத்தில் தேயிலைத் தொழிலாளி தங்கையாவின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் மண்வெட்டியோடு போராடினார்கள். சாலை அறுந்துபோனதால் மண் தோண்டும் இயந்திரம் வர மாலையாகும். அதுவரை அந்த இதயம் தாங்காது என்பது மங்கிக்கொண்டே வந்த ஒளியில் தெரிந்தது.

அவர் மனைவி பவளக்கொடி அருகில் வந்தாள்.

"இந்த வெளிச்சம் அவருதானா மேடம்?"

"ஆமாம்மா."

"நான் பேசினா கேக்குமா?"

ஜெசிந்தா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். "தெரியலம்மா. பேசுங்க."

பவளக்கொடி மண்ணில் குப்புறப் படுத்து, மகள் பரீட்சையில் தேறிவிட்டதைச் சொல்லத் தொடங்கினாள். ஒளி அணைந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தா அவளை நிறுத்தவில்லை.