வடை மடித்த தாள்

பழங்காநத்தம் டீக்கடையில் வடை மடித்துக் கொடுத்த பத்திரிகைத் தாளில் கதையின் கீழ்ப்பாதிதான் இருந்தது. அடியில், 'தாமரைச்செல்வி, மதுரை' என்று பெயர். பொண்டாட்டி எழுதிய கதையை முத்துப்பாண்டி படிப்பது இதுதான் முதல் தடவை. பாதி வடையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான்.

வீட்டுக்கு வந்ததும் தாளை நீட்டினான். "யாருடி இந்தத் தனசேகர்?"

"நானா உருவாக்குன ஆளுங்க."

"காய்ச்சல்ல கிடக்குறவளுக்குக் கஞ்சி ஊட்டுறான், தலை பின்னி விடுறான். இம்புட்டையும் கற்பனையில எழுத முடியுமா? எங்க பார்த்த அவன?"

"சத்தியமா எங்கயும் பார்த்ததில்லைங்க."

அவன் நம்பவில்லை. தாமரைச்செல்வி முழுப் பத்திரிகையை எடுத்து வந்து கொடுத்தாள். டீக்கடைத் தாளில் இல்லாத மேல்பாதியை அவன் படித்தான்.

முதல் வரி இப்படி இருந்தது: 'தனசேகர் அவளுக்குத் தாலி கட்டிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது.'