எட்டாவது எண்

“ஆரியபட்டரோட சைன் வித்தியாச அட்டவணை. சுவடியை வச்சு மூணு வருஷம் ஒக்காந்து நானே கணக்குப் போட்டது. புத்தகமா வருது, பாத்து அடி!” என்று கையெழுத்துப் பிரதியை நீட்டினார் பேராசிரியர் உடையப்பன்.

புதுக்கோட்டையில் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் ஞானசெல்வி எண்களின் மேல் விரலை ஓட்டினாள். “சார், 225-லேருந்து கொறஞ்சுக்கிட்டே வருது. எட்டாவதா 119-ன்னு விழுந்து, மறுபடி 191-ன்னு ஏறுதே?”

“அது ஆரியபட்டர் வச்ச சூட்சுமம். டைப் அடிக்கிறவளுக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது!”

“சூட்சுமம் இல்ல சார். 199-ஐ 119-ன்னு தப்பா அடிச்சது நான்தான். அஞ்சு வருஷத்துக்கு முந்தி, இந்துமதி மேடம் தீசிஸ்ல.”

உடையப்பன் பிரதியைப் பிடுங்கினார்.

“அந்தத் தீசிஸை வரிக்கு வரி படிச்சுப் பாத்ததா, கைடுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான் சார்.”