நாற்பதுக்குப் பூஜ்யம்

ஒரு கூடை லாங்கன் பழத்தை மேசை மேல் வைத்துவிட்டு, சாய் லெங் கைகூப்பி நின்றான். மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்ற இன்று மாலை நாலு மணி கெடு. இந்த நேரத்தில் பழக்கூடை எதற்கு வரும் என்று தாய்லாந்தில் எல்லாரும் ‘ஆஜான்’ என்று கூப்பிடும் பேராசிரியை விபாடாவுக்குத் தெரியாதா? கூடையை அவன் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துட்டுப் போ. சியாங் மாய்ல லாங்கனுக்கு என்ன பஞ்சமா? என் வீட்டு வாசல்லயே மரம் நிக்குது."

"ஆஜான், ஒண்ணு கேட்கணும்..."

"நீ கேட்கவே வேண்டாம். டீன் ஓலை அனுப்பினது உன் காதுக்கும் வந்திருக்கும். முதல்ல இதைப் பாரு."

விடைத்தாளைத் தூக்கி அவன் முன்னால் போட்டாள். புள்ளியியல் பாடம். நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நாலு விடை, சரியானதில் ஒரு குறி இட்டால் போதும். அவன் ஒன்று விடாமல் குறியிட்டிருந்தான். நாற்பதும் தப்பு.

"எருமை வால்ல பென்சிலைக் கட்டிவிட்டாக்கூட பத்து சரியா வரும். உனக்கு ஒண்ணு வரலை. இருபது வருஷத்துல இப்படி ஒரு தாளை நான் பார்த்ததே இல்லை. இது மூணாவது தடவை வேற. வெட்கமா இல்லையா?"

சாய் லெங் தலையைக் குனிந்துகொண்டான். பர்மாவின் ஷான் மலைப் பக்கத்துப் பையன், இருபத்தைந்து வயது. பட்டத்துக்கு இந்த ஒரு பாடம்தான் பாக்கி.

ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார முடியாது. வெளிநாட்டு மாணவனுக்கு விசா வேண்டுமென்றால் பருவத்துக்கு மூன்று பாடமாவது எடுத்தாக வேண்டும். அதனால் போன பருவத்தில் நீச்சலும் பூ கட்டுவதும், இந்தப் பருவத்தில் கூடைப்பந்தும் பழம் செதுக்குவதும் படித்தான்.

"தர்பூசணியில ரோஜாப்பூ செதுக்கி முதல் தரம் வாங்கினியாமே. அந்தக் கத்தியால மூளையைக் கொஞ்சம் சீவியிருக்கலாம்."

"ஆஜான், நான் இங்கேயே இருந்தாகணும். ஊருக்குப் போனா..."

"பட்டாளத்துல பிடிச்சுப் போட்டுடுவாங்க. உன் தம்பியை அப்படித்தான் கொண்டுபோனாங்க. போன தடவையே சொன்னே."

விபாடா டீனின் கடிதத்தைப் பார்த்தாள். தர மதிப்பீட்டுக் குழு வருகிறதாம். ஒரு பாடம் பாக்கி வைத்திருக்கும் கடைசி ஆண்டுக்காரர்களுக்கு உதவி மதிப்பெண் போட்டுத் தேற்றிவிட வேண்டுமாம்.

மற்ற வாத்தியார்கள் இதைக் காலங்காலமாகச் செய்கிறார்கள். அவர்களைக் கண்டாலே காறித் துப்புகிறவள் விபாடா. அவளிடம் விழுந்தவன் விழுந்தவன்தான் என்று கல்லூரிக்கே தெரியும். காலையில் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் இருந்தாள்.

ஆனால் மூன்று முறை தோற்றவன் பேரை அடித்துவிடுவார்கள். பேர் போனால் விசா போகும். விசா போனால் இவன் தோளில் துப்பாக்கி ஏறும். ஒரு மக்குப் பயலின் சாவு தன் கணக்கில் எழுதப்படுவதா?

"உன்னைப் பார்த்தாலும் அருவருப்பா இருக்கு, இதைச் செய்யப்போற என் கையைப் பார்த்தாலும் அருவருப்பா இருக்கு" என்றபடி கணினியில் தேறப் போதுமான ஐம்பது என்று அடித்தாள்.

"வேண்டாம், ஆஜான்."

இந்த ஊரில் எதைக் கொடுத்தாலும் முதலில் வேண்டாம் என்பதுதான் மரியாதை. நீட்டியதும் வாங்கிக்கொள்கிறவனைத்தான் பண்பு தெரியாதவன் என்பார்கள்.

"போதும் உன் மரியாதை."

"நிஜமா வேண்டாம், ஆஜான்."

"சரிதான் போடா" என்று பொத்தானை அழுத்தினாள். திரை பூட்டிக்கொண்டது. இனி டீனே வந்தாலும் மாற்ற முடியாது.

விசா வேலை பார்க்கும் சோம்ஜிட் அப்போதுதான் ஒரு கோப்புடன் உள்ளே வந்தாள்.

"ஆஜான், இந்தப் பையன் முடிவு என்னாச்சு? அடுத்த பருவத்துக்கு மூணு பாடம் எழுதிக் கொடுத்திருக்கான். விசா நீட்டிக்கக் கடிதம் அடிச்சு வெச்சிருக்கேன்."

"பாஸ். இப்பத்தான் ஏத்தினேன்."

"அப்படின்னா கடிதத்துக்கு வேலை இல்லை. படிப்பு முடிஞ்சவனுக்கு ஏது மாணவர் விசா? ஏழு நாள்ல நாட்டை விட்டுக் கிளம்பணும்."

"என்ன உளர்றே? மூணு தடவை தோத்தா பேரை அடிச்சிடுவாங்களேன்னுதான் நான் போட்டேன்."

"அந்த விதியை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு, ஆஜான். கையில மூணு பாடம் இருந்தா போதும். பத்து தடவை வேணும்னாலும் எழுதிட்டு இருக்கலாம்."

விபாடா விடைத்தாளை மறுபடி கையில் எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு குறியிட்டால் நாற்பதும் தப்பாவது லட்சத்தில் ஒருவனுக்குத்தான் நடக்கும். அவளே வருஷா வருஷம் நடத்துகிற கணக்கு அது. நாற்பதையும் தப்பாகக் குறிக்க வேண்டுமென்றால் நாற்பதுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும்.

இந்த முறை அருவருப்பு பையன் மேல் வரவில்லை.

"அப்ப இந்தப் பழம் எதுக்குடா?" என்றாள்.

சாய் லெங் கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

"இந்தத் தடவையும் ஃபெயில் போடுங்கன்னு கேட்கத்தான், ஆஜான்."