வெளி வளையத்தில் விழுந்த அடி

"இதச் சுத்தியால அடிச்சு மாட்டுன புண்ணியவான் யாரு?"

மெக்கானிக் பொதுவாகத்தான் கேட்டார். அலுவலகம் முடிந்து அப்போதுதான் கொட்டகை வாசலுக்கு வந்த மாப்பிள்ளைக்கு, போலீஸ்காரர் தோளில் கை வைத்தது போல இருந்தது. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றான்.

மெக்கானிக்கின் உள்ளங்கையில், கழற்றி உடைத்துப் பார்த்த பேரிங். அவருக்குப் பின்னால் டிராக்டரில் பூட்டும் சட்டிக் கலப்பை, தண்டின் ஒரு முனை ஜாக்கியில் ஏறி, பல் பிடுங்க வாயைத் திறந்தவன் மாதிரி நின்றது. மாப்பிள்ளை அந்தத் திசையையே பார்க்கவில்லை. தரையைப் பார்த்தான். தரையில் எண்ணெய்க் கறை இருந்தது. அதை மிகவும் அக்கறையாகப் பார்த்தான்.

"தேஞ்சிருக்கும்பா," என்றார் மாமனார். "அதுக்கும் வயசாகுமில்ல."

"வயசா? மேல பொறிச்ச நம்பர்கூட இன்னும் அழியலண்ணே. நீங்க கரகரன்னு சத்தம்னு சொன்னீங்க. கை வச்சேன், சுட்டுது. கடப்பாரையக் குடுத்து நெம்புனேன், தண்டு டக்கு டக்குன்னு ஆடுது. சரி, தேய்மானம்னுதான் நானும் நெனச்சேன். உடைச்சுப் பாத்தா, குண்டு உக்கார்ற எடமெல்லாம் அளவெடுத்த மாதிரி வரிசையா பள்ளம். தேஞ்சா இப்படி ஆகாது. வெளி வளையத்துல அடிச்சு ஏத்துனாத்தான் ஆகும். இந்தா பாருங்க, சுத்தி பட்ட தழும்பு."

மாப்பிள்ளை எண்ணெய்க் கறையை இன்னும் அக்கறையாகப் பார்த்தான்.

உழவுக் கருவிகள் செய்யும் கம்பெனியில், வாங்குகிறவர்களுக்குக் கொடுக்கும் கையேட்டை எழுதுவது அவன் வேலை. ஸ்பேனரைப் பிடித்துப் பழக்கமில்லை; அதைப் பற்றிப் பதினாலு பக்கம் எழுதியிருக்கிறான். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் அவன் 'இஞ்சினியர் மாப்பிள்ளை'. மாமனார் அந்தக் கையேட்டுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டிருந்தார். வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போக முடியாது.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் யாருமில்லாத நேரத்தில், தண்டு லேசாக ஆடுவதை இஞ்சினியர் மாப்பிள்ளை கண்டுபிடித்தான். தானே மாற்றி எல்லோரையும் அசத்திவிடலாம் என்று புது பேரிங் வாங்கி வந்தான். அது தண்டில் ஏற மாட்டேன் என்றது. பக்கத்தில் சுத்தியல் இருந்தது. எட்டு அடி. ஏறிவிட்டது. அசத்தும் எண்ணத்தை மட்டும் கைவிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தூங்கப் போய்விட்டான்.

மெக்கானிக் ஆணியிலிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினார்.

"முப்பத்திரண்டாம் பக்கம். 'தண்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டுமே தள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் வெளி வளையத்தில் அடிக்கக் கூடாது.' இது சார் எழுதுனதுதான?"

"ம்."

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க. 'எக்காரணம் கொண்டும்'னு வேற போட்டிருக்கு. இது தலைக்கு மேல தொங்கும்போதே ஒருத்தன் அடிக்கிறான்னா, அவனெல்லாம் என்ன ஜென்மம் சார்?"

அந்த 'எக்காரணம் கொண்டும்' என்பதைச் சேர்த்ததற்கு மேலாளர் பாராட்டியது மாப்பிள்ளைக்கு நினைவு வந்தது.

"மெதுவாப் பேசுப்பா, வீட்டுக்குள்ள கேக்குது," என்றார் மாமனார். பிறகு சுவரைப் பார்த்தபடியே, "மாப்பிள்ள, நீங்க உள்ள போய்க் காப்பி குடிங்க. இங்க எல்லாம் ஒரே அழுக்கு," என்றார்.

முகத்தைப் பார்த்துக்கூடப் பேசவில்லை. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் காப்பாற்றப் பார்க்கிறார்.

மெக்கானிக் விடுவதாக இல்லை. "யாருன்னு சொல்லுங்கண்ணே. மழைக்கு முன்னாடி உழுதாகணும். நடு வயல்ல இது ஒடைஞ்சிருந்தா தண்டே போயிருக்கும். மாட்டுனவனக் கூப்பிட்டு நாலு வார்த்த கேக்க வேணாமா?"

மாமனார் துண்டால் கழுத்தைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த கழுத்துதான்.

"நான்தான்பா அடிச்சேன்."

"நீங்களா? முப்பது வருஷமா டிராக்டர் வச்சிருக்கீங்க."

"ஆமா. புத்தி கெட்டுப் போய் அடிச்சிட்டேன். போதுமா? ஆளாளுக்குக் கேக்காதீங்க."

அவர் முகம் சிவந்திருந்தது. மாப்பிள்ளையால் அதற்கு மேல் அந்த எண்ணெய்க் கறையைப் பார்க்க முடியவில்லை. கையேடு ஆணியிலிருந்து இறங்கட்டும், இஞ்சினியர் பட்டம் போகட்டும். தன்னால் ஒரு பெரிய மனிதர், வேலைக்கு வந்தவரிடம் திட்டு வாங்கக் கூடாது.

"மாமா, வேணாம்." மெக்கானிக் பக்கம் திரும்பினான். "அவர் இல்லண்ணே. நான்தான். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி, ஞாயித்துக்கெழம. எட்டு அடி. அந்தப் பக்கத்த எழுதுனவனும் நான்தான், அடிச்சவனும் நான்தான்."

மாமனார் அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்தார்.

"எந்த முனை மாப்பிள்ள?"

"இடது முனை மாமா."

மெக்கானிக் கையிலிருந்த பேரிங்கைப் பார்த்தார். திரும்பிக் கலப்பையைப் பார்த்தார். "சார், இது வலது முனையில கழட்டுனது."

"உங்க புஸ்தகத்தத் தலைக்கு மேல மாட்டிட்டு இப்படி அடிச்சிட்டமேன்னு, உங்க மூஞ்சியப் பாக்க முடியாம ஒரு வாரமா நான் ஒளிஞ்சுக்கிட்டுத் திரியறேன் மாப்பிள்ள," என்ற மாமனார், ஸ்பேனரை எடுத்து மெக்கானிக்கிடம் நீட்டினார். "இடதையும் கழட்டு."