நாலாவது பொய்

"பச்சை குத்தினேன் டாக்டர்."

"எங்கே?"

"கையிலதான்."

பேச்சித்தாயின் இரண்டு கைகளையும் டாக்டர் திருப்பிப் பார்த்தாள். டயாலிசிஸ் ஊசி போட்ட தழும்புகளைத் தவிர ஒன்றுமில்லை.

"அது அழிஞ்சு போச்சு."

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

இது நாலாவது பொய். மீன் வியாபாரி சலூன் கத்தி என்றார். பஸ் டிரைவர், கேரளாவில் எப்போதோ பல் பிடுங்கிக்கொண்டாராம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், மனைவி பக்கத்தில் இருக்கும்போதே, ஒரு லாட்ஜின் பெயரைச் சொன்னார். அந்த அம்மாளும் ஆமாம் என்று தலையாட்டினார்.

நான்கு பேர் ரத்தத்திலும் ஒரே ஹெபடைடிஸ் வைரஸ். மாவட்டத்தில் வேறு யாரிடமும் இல்லாத, அபூர்வமான வகை. அது எப்படித் தொற்றியது என்று கண்டுபிடிக்கத்தான் அவளைச் சென்னையிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

நான்கு பேரும் சேர்ந்திருக்கும் இடம் இந்த டயாலிசிஸ் அறை ஒன்றுதான்.

"இங்க என்னதான் நடக்குதுன்னு சொல்லித் தொலைங்களேன். போறது உங்க ஈரல்!"

இயந்திரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

பேச்சித்தாய்தான் பேசினார்.

"சொன்னா இத மூடிருவீங்க. பெறவு திருநெல்வேலிக்கு ரெண்டு பஸ்ஸு மாறணும். வாரத்துக்கு மூணு தடவ. எங்களால ஏலுமா?"

மூட மாட்டோம் என்று சொல்ல அவளுக்கு அதிகாரமில்லை.



கதவு திறந்தது. கல்லூரிப் பையோடு ஒரு பெண். முதல் டயாலிசிஸ். கூட வந்த அப்பா வாசலைத் தாண்டவில்லை.

அந்தப் பெண் காலிக் கட்டிலில் படுத்துக் கையை நீட்டினாள்.

நர்ஸ் ஜெபா, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மருந்தை எடுத்தாள். தட்டில் ஏற்கெனவே திறந்திருந்த குப்பி. பழக்கத்தில் கை அதற்குத்தான் போனது.

தலைமையாசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார்.

"ஜெபா."

பேச்சித்தாயின் குரல்.

"அது எங்களுக்குக் குத்துன ஊசிய விட்டு எடுத்ததுலா. பிள்ளைக்குப் புதுசு உடை."

ஜெபாவின் கை அப்படியே நின்றது.

மீன் வியாபாரி ஏதோ முணுமுணுத்தார். திட்டுவதுபோல் இருந்தது.

பேச்சித்தாய் அவர் பக்கம் திரும்பவில்லை.

"என்ன பாத்துக்கிட்டே நிக்கிய?" என்றார் எரிச்சலோடு. "எழுதிக்கிடுங்க டாக்டர்."