மூப்பர் சொன்ன காரணம்

முதலில் தப்பு செய்தவர் கமினியேலி. யாரிடம் சொன்னாலும் சைலோசி அங்கிருந்துதான் தொடங்குவார்.

ஊர்க் கூட்டத்தில் எல்லோரும் பாயில் உட்கார்ந்திருந்தபோது, தேவாலயச் சபையின் மூப்பரான கமினியேலி எழுந்து நின்று சொன்னார்.

“சைலோசியோட காலைப் பாருங்க. கனிகனி. பொழுதன்னிக்கும் யங்கோனா குடிச்சா தோல் இப்படித்தான் மீன் செதிலா உரியும். நிறுத்துற வரைக்கும் பாட்டுக் குழுவில அவருக்கு இடம் இல்லை.”

கூட்டம் சிரித்தது. ஃபிஜியில் போதை தரும் யங்கோனா வேரைக் கரைத்துக் குடிக்காத ஆண்பிள்ளை யார்? கனிகனி எட்டிப் பார்க்காத வீடு எது?

ஆனால் ஈஸ்டருக்குப் பிறகு சைலோசி ஒரு சிரட்டை கூடத் தொட்டதில்லை. அதைச் சொல்வதே மரியாதைக் குறைவு என்று நினைத்தார். வாயைத் திறக்காமல் எழுந்து போய்விட்டார்.

கமினியேலி அவருக்கு மச்சான் முறை. மச்சானை மச்சான் கேலி பண்ணலாம், காலை வாரலாம், உரிமை உண்டு. கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னால் அது கேலி இல்லை, தீர்ப்பு.

முப்பது வருஷம் முன்வரிசையில் கட்டைக் குரலில் பாடியவர், ஏழு ஞாயிறு கடைசி பெஞ்சில் உதட்டைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

தோலும் ஆறவில்லை. கெண்டைக்காலும் கையும் சிவந்து, தடித்து, வெடித்து நீர் கசிந்தன. துணி சோப்பைப் போட்டுத் தேய்த்தார். மண்ணெண்ணெய் தடவினார். இன்னும் எரிந்தது.

எட்டாவது வாரம் நர்ஸ் வாசிதி வந்து கதவைத் தட்டினாள்.

“நான் கூப்பிடலையே.”

“தெரியும் மாமா. ஏற்கெனவே ரெண்டு தடவை வந்தேன், நீங்க கதவைத் திறக்கலை. காலை நீட்டுங்க.”

நீட்டினார். அவள் முகத்தைச் சுளித்தாள்.

“மண்ணெண்ணெயா? அடுப்புன்னு நினைச்சீங்களா? சோப்பு ஏதாவது புதுசா மாத்தினீங்களா?”

“இல்லை. எப்பவும் போடுற துணி சோப்புதான்.”

“புது எண்ணெய்? ஏதாவது செடி பட்டுச்சா? சேம்பு அரிப்பா இருக்குமோ?”

“சேம்புத் தோட்டத்துக்குப் போய் மூணு மாசம் ஆச்சு.”

“பின்னே என்ன வேலை பார்க்கிறீங்க?”

“புயல்ல போன வீடுகளுக்கு சிமென்ட் கல் போடுறேன்.”

“வெறுங்காலோடவா?”

“பூட்ஸ் போட்டுக்கிட்டுக் கலவையை மிதிக்க, நான் என்ன மந்திரியா?”

வாசிதி காலைத் திருப்பிப் பார்த்தாள். கலவை தெறிக்கும் உயரத்தில் சிவப்பு நின்றுவிட்டிருந்தது. கையில் முழங்கைவரை.

“ஈர சிமென்ட் மாமா. கனிகனின்னா வறண்டு உரியும், இப்படிச் சிவந்து நீர் வடியாது. இது தோல் அழற்சி. யாருக்கும் தொத்தாது.”

“இருபது வருஷமா சிமென்ட்ல கை வைக்கிறேன். இப்ப மட்டும் என்ன வந்துச்சு?”

“இருபது வருஷம் பொறுத்துப் போன தோல்தான் ஒரு நாள் முடியாதுங்கும். ஒரு தடவை கோவிச்சுக்கிட்டா அப்புறம் மறக்கவே மறக்காது. பூட்ஸும் கையுறையும் இல்லாம இனிமே கிட்டப் போகாதீங்க.”

சைலோசிக்குத் தன் தோல்மீது முதல் தடவையாக மரியாதை வந்தது.

“அப்ப யங்கோனா இல்லை. அதை ஒரு காகிதத்துல எழுதிக் கொடும்மா. கமினியேலி மூஞ்சியில வீசுறேன்.”

“அவருக்குத் தெரியுமே.”

“என்ன தெரியும்?”

“நீங்க குடிக்கிறதில்லைன்னு. கூட்டத்துக்கு முந்தின நாளே என்கிட்ட வந்து, ‘சைலோசி சிரட்டையைத் தொடுறதில்லை, கால் புண்ணாகுது, போய்ப் பாரு’ன்னார்.”

“தெரிஞ்சுமா கூட்டத்துல அப்படிச் சொன்னான்?”

வாசிதி மருந்துக் குழாயின் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

“அந்த வாரம் மூணு வீட்டுக்காரங்க என்கிட்ட வந்தாங்க மாமா. உங்களுக்குத் தொழுநோயான்னு கேட்டாங்க. பிள்ளைங்களை உங்க வீட்டுப் பக்கம் விடவேண்டாம்னு பேச்சு கிளம்பியிருந்தது. கூட்டம் முடிஞ்ச பிறகு ஒருத்தரும் வந்து கேட்கலை.”

அந்த நோய் வந்த சைலோசியின் தாய்மாமனை அந்தக் காலத்தில், தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்த மகோங்காய்த் தீவுக்குப் படகேற்றி அனுப்பினார்கள். படகு கண்ணுக்கு மறைவதற்குள் அவர் படுத்த பாயை ஊரார் கொளுத்திவிட்டார்கள். சைலோசிக்கு அப்போது எட்டு வயது.

நேராகக் கமினியேலி வீட்டுக்குப் போனார். அவர் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்.

“சிமென்ட்தான் காரணமாம், வாசிதி எல்லாத்தையும் சொல்லிட்டா. என்கிட்டயாவது நீ சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா, நான் குடிக்கிறதில்லைன்னு வீடு வீடாப் போய் சத்தியம் பண்ணியிருப்ப. யங்கோனா இல்லைன்னு ஆயிட்டா, அவங்களுக்கு அந்த நோய் பேருதான் மிச்சம்.”

“கூட்டத்துலயே நான் மறுத்திருந்தா?”

“நீயா? கோவம் வந்தா நீ வாயைத் திறக்க மாட்டியே மச்சான். அதை நம்பித்தானே எழுந்து நின்னேன்.”



“மன்னிப்புக் கேளு.”

“மாட்டேன். கேட்டா நீ பழையபடி என்கிட்ட பேச ஆரம்பிச்சுடுவ.” கமினியேலி கத்தியின் கூர்மையை விரலால் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை முன்வரிசையில வந்து நில்லு. சிமென்ட்தான் காரணம்னு நானே சொல்றேன். சிமென்ட்டைப் பார்த்து இந்த ஊர்ல எவனும் பாயைக் கொளுத்த மாட்டான்.”

சொன்னபடி சொன்னார். சைலோசியும் முன்வரிசையில் நின்று பாடினார்.

மன்னிப்பு மட்டும் இன்றுவரை வரவில்லை. முதலில் அது வரட்டும், நன்றியை அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறார் சைலோசி.